ஒரு மணி நேரம் முன்னாடி

சமையல்கூடத்து ஜன்னல் பாதி சாத்தியிருந்தது. பொத்தான்காரர் குனிந்து, திறந்திருந்த பாதிக்குள் தலையை நுழைத்து, அவித்த முட்டை இரண்டு கேட்டார். உள்ளே ஒரு பெரிய பாத்திரத்தைச் சாய்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்த சமையல்காரர் திரும்பிப் பார்க்காமலே, காலைச் சாப்பாடு முடிந்துவிட்டது, மணி பத்தாகப் போகிறது என்றார். பொத்தான்காரருக்குச் சிரிப்பு வந்தது. அவர் அறையைவிட்டுக் கிளம்பும்போது சுவர்க் கடிகாரத்தில் எட்டாக ஐந்து நிமிஷம் இருந்தது. முப்பது வருஷம் கடைத்தெருவில் பொத்தானும் ஜிப்பும் லைனிங் துணியும் மொத்த விலைக்கு விற்றவர் அவர். 'கடை சாத்தியாச்சு' என்று ஒருவன் சொன்னால் அது பேச்சின் முடிவா ஆரம்பமா என்பது குரலிலேயே தெரிந்துவிடும். இது ஆரம்பம்தான் என்று முடிவு செய்தார். தவிர, இந்தச் சமையல்காரரும் அவரும் ஏழு மாதமாக ஒருவர் காதில் ஒருவர் பூச்சுற்றியே பழகியவர்கள்.

"அண்ணே, எட்டு மணியைப் பத்துன்னு சொல்றீங்க. இவ்வளவு ஏத்திச் சொன்னா நான் எங்கேருந்து குறைச்சுக் கேக்கறது?"

"சரி, உங்களுக்காக ஒன்பதே முக்கால்னு வச்சுக்குங்க" என்றார் சமையல்காரர்.

இப்படிச் சொன்ன பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரமோ நீராவி குடித்துக் குடித்து மூன்று வாரமாக நாலேகாலில் நின்றுகொண்டிருந்தது. பொத்தான்காரர் நிதானமாக ஜன்னல் திண்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். இன்றைக்கு வீட்டுக்காரிக்குப் பரீட்சை என்றார். வெறும் வயிற்றோடு கணக்குப் போட்டால் கூட்டல்கூட வராது என்றார். கடைசியில், சமையல்காரரின் இரண்டு மேல்சட்டைகளுக்கும் உதிர்ந்த பொத்தான்களைத் தைத்துத் தருவதென்று பேச்சு முடிந்து, முட்டை வெந்து கைக்கு வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. தட்டை ஏந்திக்கொண்டு இரும்புப் படிகளில் இறங்கும்போது அவருக்கு மனசு லேசாக இருந்தது. அந்த இருபத்தைந்து நிமிஷத்துக்கு என்ன விலை கொடுத்திருக்கிறார் என்பது தெரியவர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

அது பழைய பயணிகள் கப்பல். அதைப் பள்ளிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். இருபத்திரண்டு குடும்பங்கள் ஏறியிருந்தன. கிழக்கே புறப்பட்டு, கிழக்கேயே போய்க்கொண்டிருந்து, பத்தாவது மாதம், கிளம்பிய துறைமுகத்துக்கே மேற்குப் பக்கமாக வந்து சேருவது திட்டம். பிள்ளைகள் கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பை எடை போட்டார்கள், நட்சத்திரத்தைப் பார்த்துக் கப்பல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள், இறங்கும் ஊர்களில் எல்லாம் கண்ணாடி ஊதுவதையும் கப்பல் பழுது பார்ப்பதையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள். பெரியவர்கள் சும்மா இருக்கக் கூடாது என்பது விதி. பொத்தான்காரருக்குக் கீழ்த்தளத்துச் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கூடவே, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு 'வாங்குவதும் விற்பதும்' என்று ஒரு வகுப்பும் கொடுத்திருந்தார்கள். இரண்டே வாரத்தில் வகுப்பு மொத்தமும் வீட்டுப்பாடத்துக்குப் பேரம் பேச ஆரம்பித்தது. பத்துக் கணக்கு என்று ஆசிரியர் சொன்னால், நாலில் ஆரம்பித்து ஆறில் முடித்தார்கள். தலைமையாசிரியை அந்த வகுப்பை ஓசையில்லாமல் எடுத்துவிட்டார்.

இந்தப் பயணமே மகள்களுக்காகத்தான் என்று பொத்தான்காரர் கப்பல் ஏறும்வரை நம்பிக்கொண்டிருந்தார். பெரியவளுக்குப் பதினாறு, சின்னவளுக்குப் பத்து. பிள்ளைகள் உலகத்தைப் பார்க்கட்டும் என்று மனைவி ஆரம்பித்தபோது, கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான் என்று தலையாட்டினார். எந்த ரசீதையும் இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போடாத மனிதர், கப்பல் விண்ணப்பத்தில் மட்டும் மனைவி விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எல்லாம் போட்டார். மூன்றாம் நாள் கடலில், வகுப்பறையை எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கடைசி பெஞ்சில், பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்குப் பின்னால், முழங்கால் மேஜையில் இடிக்க உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி. பெரியவர்களும் பள்ளி இறுதித் தேர்வு எழுதலாம் என்று விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில் இருந்ததாம். அவர் கையெழுத்துப் போட்டிருந்தது ஏழாம் பக்கத்தில்தான். வாழ்நாளில் தன்னை ஏமாற்றி ஒரு சரக்கைத் தலையில் கட்டியவர்கள் இரண்டு பேர்தான் என்று அவர் பெருமையாகச் சொல்வதுண்டு. அன்றைக்கு மூன்றாக்கிக்கொண்டார்.

அவளுக்கு இந்தப் பரீட்சை பாக்கி நின்ற கதை நீளமானதில்லை. பள்ளி இறுதி வகுப்பில் மற்றப் பாடமெல்லாம் எழுதிவிட்டு, கணக்குக்குக் காத்திருந்த வாரத்தில் கல்யாணம். தேதியை மாற்ற முடியுமா என்று பெண் வீட்டிலிருந்து கேட்டார்கள். மாப்பிள்ளை, அதாவது இவர், நல்ல மனசோடு சிரித்துக்கொண்டே, "பரீட்சைதானே, அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்றார். அந்த அடுத்த வருஷம் இருபத்தோரு வருஷமாக வந்துகொண்டே இருந்தது. பழைய மதிப்பெண்கள் காலாவதியாகிவிட்டதால் எல்லாப் பாடத்தையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. மொழி, வரலாறு, அறிவியல் எல்லாம் போன வாரத்தோடு முடிந்துவிட்டன. கடைசியாகக் கணக்கு.

கணக்கு என்றால் அவளுக்கு நாக்கு உலர்ந்துபோகும். கடையில் நின்றால் பன்னிரண்டு டஜன் கொண்ட குரோஸ் எத்தனை, டஜன் என்ன விலை என்று வாயிலேயே சொல்லிவிடுவாள். அதையே தாளில் எழுதச் சொன்னால் பேனா நகராது. பெரியவள்தான் சாயங்காலங்களில் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுப்பாள் என்பதைவிட அதட்டுவாள் என்பது சரி. எக்ஸ் என்பது யாரென்று தெரியாது, அதைக் கண்டுபிடிப்பதுதான் கணக்கு என்று மகள் சொன்னபோது, "முன்னபின்ன தெரியாத ஆளை வச்சு ஓட்டறது எனக்குப் புதுசா? உங்கப்பாவைக் கல்யாணம் பண்ணிக்கலையா?" என்றாள் தாய். இப்படிப் பேசினாலும், இரண்டு தடவை தலைமையாசிரியையிடம் போய், கணக்கு மட்டும் வேண்டாம், பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொன்னவள். இரண்டு தடவையும் மறுநாள் காலையில் போய், இருக்கட்டும் டீச்சர் என்றவள்.

கப்பல் கிழக்கே போகப் போகச் சில இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி கூட்டி வைக்க வேண்டும். பொத்தான்காரருக்கு இதில் ஆரம்பத்திலிருந்தே மனத்தாங்கல். தூங்கி எழுந்தால் ஒரு மணி நேரம் காணாமல் போயிருக்கிறது, கேட்பாரில்லை. இதுவரை ஐந்து மணி நேரம் இப்படிப் போய்விட்டதென்று கேப்டனிடமே முறையிட்டிருந்தார். கேப்டன் தமாஷான ஆள். கடலுக்கு நடுவில் தேதிக்கோடு என்று ஒன்று வரும், அங்கே ஒரு நாளை முழுசாகத் திருப்பித் தருவோம் என்றார். ஐந்தை எடுத்துக்கொண்டு இருபத்துநாலு தருகிறீர்களா என்று பொத்தான்காரர் மலைத்தபோது, மிச்சம் முன்பணம், ஊர் போய்ச் சேருவதற்குள் பிடித்துக்கொள்வோம் என்றார். அதுவரை அப்படி ஒரு நாணயமான ஏற்பாட்டைப் பொத்தான்காரர் எந்தக் கடைத்தெருவிலும் கேள்விப்பட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒலிபெருக்கி கரகரத்தது. நாளை இரவு தேதிக்கோட்டைத் தாண்டுகிறோம், நாளை மறுநாள் வியாழன் இல்லை, மறுபடியும் அதே தேதி, அதே புதன் என்றது. வழக்கமாக அறிவிப்பவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவர் எப்போதும் 'ஒரு மணி கூட்டி வைக்கவும்' என்பார். அன்றைக்குப் பேசிய புது ஆள், "இன்னிக்கு ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி வச்சுக்குங்க" என்றார். பொத்தான்காரர் நாற்காலியில் ஏறி நின்று, திருப்பித் தருவது இன்றைக்கே தொடங்கிவிட்டது என்ற சந்தோஷத்தில், ஒன்பது மணியை எட்டு மணிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். "முதல் தவணை" என்று மனைவியிடம் சொன்னார். அவள் முக்கோணத்தில் மூழ்கியிருந்தாள். பிறகு, அவள் படிப்புக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒலிபெருக்கியின் வாயில் லைனிங் துணியைச் சுருட்டித் திணித்தார். ஜன்னலில்லாத அறை. பிள்ளைகள் படுப்பது வேறு தளம். ஆக, மறுநாள் காலையில் கப்பல் முழுக்க ஒரு நேரமும், அந்த ஒரு அறையில் மட்டும் அதற்கு இரண்டு மணி குறைவான நேரமுமாக விடிந்தது.

அவள் முட்டை ஒன்றைத் தின்றாள், மற்றொன்றைத் தள்ளிவிட்டாள். சூத்திரங்களை விரல் விட்டு ஒப்பித்தாள். தங்கள் கடிகாரப்படி பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்க இருவரும் மேல்தளம் ஏறினார்கள். வெயில் உச்சியில் அடித்தது. இந்தப் பக்கத்துச் சூரியனுக்கு ரொம்ப அவசரம் என்றார் பொத்தான்காரர். தேர்வு அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் தலைமையாசிரியை வெளியே வந்து, கதவைப் பின்னால் மூடிக்கொண்டார். அவரது உடம்பும் நடையும் பேச்சும் அளவுகோலால் கோடு போட்டது போல இருக்கும். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் காம்பஸ்.

"மனசு மாறிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார் மெதுவாக. "ஆள் அனுப்பிக் கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன்."

"பத்து மணிக்குத்தானே டீச்சர்?" என்றாள் மனைவி.

தலைமையாசிரியை திரும்பினார். நடைவழிச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். இவளும் பார்த்தாள். பன்னிரண்டாகப் பத்து நிமிஷம். அரை மணி வரை தாமதமாக வந்தால் உள்ளே விடலாம். சமையல்கூடத்து ஜன்னலில் முழங்கையை ஊன்றியிருந்த நேரத்தில்கூட அந்த அரை மணி தீர்ந்திருக்கவில்லை என்பது பொத்தான்காரருக்கு அப்போது உறைத்தது. மனைவி அவரைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் கடையைத் திரும்பிப் பார்ப்பார்களே, அந்த மாதிரிகூட இல்லை. பேனாப் பெட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

அவர் மேல்தளத்திலேயே ஒரு கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்துவிட்டார். பரீட்சை முடியும் மணி அடித்தபோதும் எழுந்திருக்கவில்லை. செய்தி எப்படித்தான் பரவியதோ, பெரியவள் மூச்சிரைக்க வந்து நின்றாள். சின்னவள் பின்னாலேயே வந்தாள்.

"அப்பா, முன்னாடி வைன்னா கூட்டணும்பா. கடிகாரம் முன்னாடி போகணும்னு அர்த்தம்."

"ஒரு மணி நேரம் முன்னாடி சாப்பிட்டேன்னு நீ சொல்றே. கூட்டியா சொல்றே, குறைச்சா சொல்றே?"

சின்னவள் யோசித்துவிட்டு, "அப்பா சொல்றதும் சரிதானே" என்றாள்.

"சரியா இருந்து என்னடி பிரயோஜனம்? அம்மா கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கா" என்றாள் பெரியவள்.

வாதத்தில் ஜெயித்தும் ருசிக்காத ஒரே தருணம் பொத்தான்காரருக்கு அதுதான். அந்த நேரம் பார்த்து தலைக்கு மேலே ஒலிபெருக்கி மறுபடியும் கரகரத்தது. இன்றிரவு தேதிக்கோடு, நாளைக்கும் புதன்கிழமைதான், துணி துவைக்கும் முறை யாருக்கும் மாறாது என்றது. பொத்தான்காரர் கயிற்றுச் சுருளிலிருந்து எழுந்தார். எழுந்தவர் நேராகத் தலைமையாசிரியையிடம் ஓடவில்லை. முதலில் சரக்கைப் பத்திரப்படுத்த வேண்டும். வினாத்தாள் பிரிந்துவிட்டது. பெரியவர்களுக்கான இந்தத் தேர்வைக் காலையில் எழுதிய இரண்டு பேர், கப்பல் நர்ஸும் இன்னொரு குடும்பத்துப் பெண்ணும், எதிர்ப்பட்ட எல்லோரிடமும் ஆறாவது கேள்வியைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருப்பார்கள். அதில் ஒரு வார்த்தை மனைவியின் காதில் விழுந்தாலும் காரியம் கெட்டது. சின்னவளை அறைக் கதவுக்கு முன்னால் உட்கார வைத்தார். யாரையும் உள்ளே விடக் கூடாது, யாராவது கணக்கு என்று வாயெடுத்தால் உரக்கப் பாட வேண்டும் என்று சொல்லிவைத்தார். பெரியவளை நர்ஸின் வாயை அடைக்க அனுப்பினார்.

தலைமையாசிரியை விடைத்தாள்களை உறைக்குள் போட்டு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார். பொத்தான்காரர் தனக்குத் தெரிந்த வித்தை அத்தனையையும் இறக்கினார். முதலில் உடம்பு விசாரித்தார். பிறகு கப்பலின் நல்ல பெயரைப் பற்றிப் பேசினார். பிறகு கிளம்புவதுபோல எழுந்து, கதவருகே நின்று, வினாத்தாளில் என்ன போட்டிருக்கிறது, புதன், இன்ன தேதி, காலை பத்து மணி, நாளைக்கும் அதேதானே என்றார். காம்பஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. மௌனமாக இருக்கும் ஆளிடம் பேரம் படியாது என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் தாங்களே தங்கள் விலையைக் குறைத்துக்கொண்டு போவார்கள் எதிராளிகள். இப்போது அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கடைசியில் அவர் களைத்து நின்றபோது, தலைமையாசிரியை அலமாரியிலிருந்து தேர்வு விதிப் புத்தகத்தை எடுத்து, விரலால் ஒவ்வொரு வரியாகப் படித்தார். தொலைபேசியில் கேப்டனைக் கூப்பிட்டார். நாளைக்கு உங்கள் பதிவேட்டில் என்ன தேதி எழுதுவீர்கள் என்று கேட்டார். இரண்டு பக்கத்துக்கு ஒரே தேதிதான் என்று கேப்டன் சொன்னது வெளியே கேட்டது. இரண்டில் எது நிஜம் என்றார். இரண்டுமே என்று பதில் வந்தது.

தலைமையாசிரியை புத்தகத்தை மூடினார். விதியில் தேதியும் மையத்தின் நேரமும்தான் இருக்கின்றன, முதல் புதன் என்று இல்லை, இல்லாததை நான் சேர்க்க முடியாது என்றார். ஆனால் எழுதியவர்கள் யாரும் இன்றைக்கு உங்கள் மனைவியைச் சந்தித்துப் பேசியிருக்கக் கூடாது. தாமதத்துக்கு யார் காரணமோ அவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட விளக்கம் வேண்டும். விடைத்தாள், விளக்கம் இரண்டையும் தேர்வு வாரியத்துக்கு அனுப்புவேன், ஏற்பதும் தள்ளுவதும் அவர்கள் இஷ்டம் என்றார். பொத்தான்காரர் நன்றி சொல்ல வாயெடுத்தார்.

"இன்னொண்ணு. பரீட்சை எழுதறது நீங்க இல்ல. அவங்க வந்து கேக்கட்டும்."

சின்னவள் கதவுக்கு முன்னால் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தாள். எதிரே கப்பலின் தச்சர் ஒருவர், நான் ஆணிக் கணக்கைத்தானே சொன்னேன் என்று விளங்காமல் நின்றிருந்தார். பொத்தான்காரர் அவரை அனுப்பிவிட்டு உள்ளே போனார். மனைவி கீழ்ப்படுக்கையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கடிகாரம் சரியான நேரத்துக்கு வந்திருந்தது. அவளே வைத்திருக்க வேண்டும். இவர் நின்றுகொண்டே, இன்னொரு புதன் இருக்கிறது என்று ஆரம்பித்து, விதிப் புத்தகம், கேப்டன், இரண்டு பக்கம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கடையில் புதுச் சரக்கைப் பிரித்துக் காட்டும் குரல் தானாகவே வந்துவிட்டிருந்தது.

"அதையும் பேரம் பேசி வாங்கிட்டு வந்துட்டீங்களா?" என்றாள் அவள்.

"உனக்காகத்தாம்மா."

"எல்லாமே எனக்காகத்தான். புடவை, வீடு, பிள்ளைங்க பள்ளிக்கூடம், எல்லாத்துக்கும் நீங்க பேசுவீங்க. நான் பக்கத்துல நின்னு தலையாட்டுவேன். இது ஒண்ணையாவது நானே போய், நானே உக்காந்து, நானே தோத்துட்டு வரலாம்னு பார்த்தேன். அதுக்கும் விடலை."

அவர் மேல்படுக்கையின் ஏணிப் படியில் உட்கார்ந்தார். கப்பல் ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது. கொக்கியில் தொங்கிய துண்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஒரு பக்கம் போய் வந்தன.

"அந்த விளக்கத்தைக் கொடுங்க" என்றாள் அவள்.

அவர் இன்னும் எழுதவில்லை. மடியில் அட்டையை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். முப்பது வருஷத்தில் எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறார். சரக்கு தாமதமாகப் போனால் மழை, லாரி, தொழிற்சாலை என்று காரணம் எழுதுவார். ஒன்றில்கூடத் 'தவறு எங்களுடையது' என்று எழுதியதில்லை. எழுதினால் அடுத்த பேச்சில் எதிராளி அதைப் பிடித்துக்கொள்வான். இப்போதும் கை பழக்கப்படியே போயிற்று. 'அறையில் இருந்த கடிகாரம் தவறான நேரம் காட்டியதால்' என்று எழுதி நீட்டினார்.

அவள் படித்தாள். "கடிகாரம் என்ன பண்ணுச்சு பாவம்?"

இரண்டாவது தாளில், 'அறிவிப்பில் தெளிவில்லாத சொல் பயன்படுத்தப்பட்டதால்' என்று எழுதினார். அது உண்மைதான் என்றாள் அவள், ஆனால் கப்பலில் இருந்த மற்ற இருபத்தோரு குடும்பமும் சரியாக வைத்திருக்கிறதே என்றாள். மூன்றாவது தாளை எடுத்தார். வெகுநேரம் பேனா நகரவில்லை. கணக்குக்கு முன்னால் இவளுக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றியது. பிறகு, 'கடிகாரத்தை நான் தவறாகத் திருப்பி வைத்தேன். என் மனைவி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததற்கு நானே பொருப்பு' என்று எழுதினார்.

அவள் தாளை வாங்கவில்லை. அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு மணி நேரம் மட்டுந்தானா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இல்லை. கிண்டலும் இல்லை. கல்யாணத்தன்று, பந்தலுக்குப் பின்னால் பூகோளமோ கணக்கோ ஏதோ ஒரு புத்தகத்தை யாருக்கும் தெரியாமல் பெட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்த ஒரு பதினெட்டு வயசுப் பெண்ணை அவர் பார்த்ததுண்டு. அப்போது அதை ஒரு வேடிக்கையாகத் தன் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அது அவர் நினைவுக்கு வந்ததே இல்லை. 'இரண்டு மணி நேரம்' என்பதற்கு முன்னால் ஒரு அம்புக்குறி போட்டு, மேலே இருந்த சின்ன இடத்தில், 'இருபத்தோரு வருஷமும்' என்று நெருக்கி எழுதினார். கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு தன் பேனாவை எடுத்து ஒரே ஒரு எழுத்தை அடித்தாள்.

"பொறுப்புக்குப் பெரிய று" என்றாள்.

அவர் அசடு வழிய, இத்தனை வருஷம் சின்ன ருதான் போட்டு வந்திருக்கிறேன் என்றார். தெரியும் என்றாள். தாளை மடித்துக்கொண்டு, முகம் கழுவி, தலையைச் சரிசெய்துகொண்டு தனியாகப் படியேறிப் போனாள். அவர் பின்னால் போக எழுந்தார். வாசலில் சின்னவள் காலை நீட்டி வழிமறித்தாள். அம்மா யாரையும் விடக் கூடாதென்று சொல்லியிருக்கிறாளாம்.

அங்கே நடந்ததைப் பிறகு பெரியவள் சொல்லித்தான் தெரியும். அவள் பக்கத்து அறையில் ஒட்டுக் கேட்டிருந்தாள். தலைமையாசிரியை கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு படித்தாராம். வாரியத்துக்கு இரண்டு மணி நேரம் போதும், இந்த இருபத்தோரு வருஷத்தை அடித்துவிடலாமா என்று கேட்டாராம். "இருக்கட்டும் டீச்சர்" என்றாளாம் அம்மா. காம்பஸ் முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, அந்த வரிக்குப் பக்கத்திலேயே அழுத்தினாராம்.

மறுநாள் புதன்கிழமை. பத்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்னதாக, அதாவது எல்லோர் கடிகாரத்திலும் ஒன்பது ஐம்பதுக்கு, அவள் தேர்வு அறைக்குள் போனாள். அந்தத் தளத்தில் அன்றைக்கு வகுப்புகள் இல்லை. சொல்லிவைத்தாற்போலப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கேப்டன் தன் வழியில் இல்லாத அந்த நடைவழியாக இரண்டு தடவை போனார். பொத்தான்காரருக்குக் கதவிலிருந்து ஆறடி தள்ளி நிற்க அனுமதி கிடைத்திருந்தது. ஆறடியிலிருந்து பார்த்தால் கதவின் வட்டக் கண்ணாடி வழியே அவள் முதுகும் வலது தோளும் தெரிந்தன. எதிரே மேஜையில் தலைமையாசிரியை ஏதோ படித்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் அந்தத் தோள் அசையவில்லை. வினாத்தாள் விரித்தபடி இருந்தது. பொத்தான்காரர் கைகளைப் பிசைந்தார். இனி யாரிடம் போய் என்ன பேசுவது? இதற்கு மேல் இன்னொரு புதன்கிழமை எந்தக் கடலிலும் கிடைக்காது. பேனா உருண்டது. கப்பல் சாய்ந்திருந்தது. அவள் தலை நிமிராமலே முழங்கையால் அதைத் தடுத்து, எடுத்து, எழுத ஆரம்பித்தாள். எழுதினாள், நிறுத்தினாள், எதையோ முழுசாக அடித்தாள், மறுபடி எழுதினாள். சரியாகத்தான் எழுதுகிறாளா என்பது முதுகைப் பார்த்தால் தெரியக் கூடிய விஷயமில்லை. ஆனாலும் அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு தாண்டியிருக்கும். அவளுடைய வலது கை மேலே எழுந்தது. மேஜையில் இருந்த தாள் விளிம்பு வரை நிறைந்திருந்தது தெரிந்தது. இன்னொரு தாள் வேண்டும் போலிருக்கிறது. தலைமையாசிரியை புத்தகத்தில் ஆழ்ந்திருந்தார், கவனிக்கவில்லை. பொத்தான்காரர் ஓரடி முன்னால் வந்துவிட்டார். 'டீச்சர்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவர் வந்த அடியைப் பின்னால் எடுத்து வைத்து, வாயை மூடிக்கொண்டார். கண்ணாடி வட்டத்துக்குள், சாய்ந்து நிமிரும் அறையின் நடுவில், அந்தக் கை மட்டும் நேராக நின்றது. விரல்களில் மை. காம்பஸ் பக்கத்தைப் புரட்டினார். கை இறங்கவில்லை.